ஒன்பது யோசனை, ஒரு பெயர்

தேவிகுளத்துக்குப் பக்கத்திலிருந்த தேயிலை பாக்டரிக்கு அம்ருதா வந்து நாலு நாளாகியிருந்தது. கல்பாத்தித் தமிழ்ப்பெண், கம்பெனியின் கொச்சி ஆபீசில் புள்ளிவிவரம் பார்ப்பவள். ஒரு வருஷமாக இங்கே இரண்டு ஷிப்டில் ஒன்றில் மட்டும் தமிழர், மலையாளிகள், ஜார்க்கண்டுக்காரர்கள் என்று கலந்து போட்டிருந்தார்கள். பலவகை ஆட்கள் சேர்ந்தால் புது யோசனை பிறக்கிறதா என்று அவள் அளந்து சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதமே பழையபடி மொழிவாரியாகப் பிரித்துவிடுவார்கள்.

கலப்பு ஷிப்டில் யோசனை எழுதும் பாரங்களில் ஒன்பது பதிவாகியிருந்தன. ஒன்பதும் சூப்பர்வைசர் ஜோமோன் பெயரில். ஒரே ஆள் சொன்னதைக் கலப்பின் பலன் என்று எப்படிக் காட்டுவது?

ஐந்தாம் நாள் மாடிக்குப் போனாள். அரைப்பதற்கு முன் ஈரம் வற்றுவதற்காக நீளத் தொட்டிகளில் கொழுந்து வாடிக்கொண்டிருந்தது. கலப்பு ஷிப்டு ராமலட்சுமியும் ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்ராமும் ஆளுக்கொரு பக்கம் நின்று, நீளப் பல் வைத்த கம்பிச் சட்டத்தை அடியில் செருகி, கொழுந்து கசங்காமல் தூக்கி உதறினார்கள். ஒன்பதில் அதுவும் ஒன்று.

"இது ஜோமோன் சேட்டன் கண்டுபிடிச்சதா அக்கா?"

ராமலட்சுமி சிரித்தாள். "மழைக்கொழுந்து மூலையில சூடாகிச் செவந்து போவுதுன்னு கைய விட்டுப் பாத்துச் சொன்னது நாந்தான் மேடம். இவன் ஊர்ல இலுப்பப்பூவ மூங்கிப் பல்லால அடியிலேருந்து தூக்கிக் காயவைப்பாங்களாம். வெட்டிக் கொண்டாந்து காட்டுனான். பேச்சு புரியல, கை புரிஞ்சிச்சு. மூங்கி ஒடிஞ்சதும் ஜோமோன் சார் கம்பியில செஞ்சு குடுத்தாரு."

"அப்ப பாரத்துல உங்க பேரு?"

"அது இங்கிலீஷ்ல கெடக்கு. நாங்க என்னத்த எழுத?"

கீழே வந்து ஜோமோனிடம் கேட்டபோது அவர் முகம் சுருங்கியது. "ஒரு பேருக்குத்தானே இடமுண்டு மேடம்? எழுதறது நான், அதான் என் பேரு." அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "மத்ததும் அப்படித்தான். சொல்றேன், எழுதிக்கோங்க."

இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஏழு யோசனைகளில் குறைந்தது இரண்டு ஊர்க்காரர்களின் கை இருந்தது. மற்ற ஷிப்டிலும் அதேபோல விசாரித்தாள். அங்கே மொத்தமே நாலு யோசனைதான்.

கொச்சியிலிருந்து அவளுடைய மேலதிகாரி அமர்நாத் சார் போனில் சந்தோஷத்தில் குதித்தார். "பிரமாதம்! கலப்பால எத்தனை சதவீதம்? ஒரு நம்பர் சொல்லு."

"சொல்ல முடியாது சார். இதுக்குக் காரணம் கலந்ததா, காது கொடுத்துக் கேட்கிற ஜோமோனா? ரெண்டும் ஒரே ஷிப்டுல இருக்கு. அவரை ஆறு மாசம் மத்த ஷிப்டுக்கு மாத்திப் பார்த்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் பிரிக்க வேண்டாம்."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் கலப்பைக் கலைக்காமல் ஜோமோனை மட்டும் மாற்றச் சொல்லி மறுநாள் உத்தரவு வந்தது. பாரமும் மாறியது: கண்டது யார், செய்து பார்த்தது யார், திருத்தியது யார் என்று தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும்.

அம்ருதா கிளம்பும் நாள் ராமலட்சுமி ஜீப்பருகே வந்து நின்றாள். பாரத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் முகத்தில் சந்தோஷமில்லை.

"ஜோமோன் சாரைப் பிடுங்கிட்டீங்களே மேடம். புதுசா வாறவரு நாங்க சொல்லுறதக் கேப்பாரா?"

"எனக்கும் அதுதான் தெரியணும் அக்கா," என்றாள் அம்ருதா.