இரண்டு தட்டு

ஹயாகானே தன் முகமூடியைத் தட்டினால் ஜப்பான் முழுக்கக் குழந்தைகள் தலையைத் தட்டிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஊரில் தீப்பிடித்தால் விடாமல் அடிக்கும் மணியின் பெயர்தான் அந்தத் தொலைக்காட்சி வீரனுக்கு. மணி மாதிரி முகமூடி, சிவப்புக் கழுத்துத்துணி, அடி வாங்கி எழுந்ததும் முஷ்டியால் நெற்றியில் டக், டக். அந்தப் பழைய தொடரை இப்போது அனிமேஷனாகப் புதுப்பிக்கிறார்கள். ஹயாகானேயின் அசைவுகளை வரையும் பொறுப்பு மினோரிக்கு.

இயக்குநர் சகாமாகி அந்தத் தட்டு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. "அந்த டக் டக்லதாங்க இவன் உயிரே இருக்கு. பழைய படத்தைப் பாத்து அப்படியே வரைங்க," என்றார். எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்று பாவம், அவருக்கே தெரியாது.

மினோரி பழைய படத்தை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்தாள். ரப்பர் உடைக்குள் ஒரு மனிதன் வெந்துகொண்டே நடித்த படம் அது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் முகமூடியின் கண்ணாடிக் கண்கள் உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்திருந்தன. முதன்முதலாகத் தட்டிய காட்சி முடியும் நொடியில், ஓரத்திலிருந்து ஒரு கை அவன் முதுகு ஜிப்பை நோக்கி நீண்டது. யாரோ உதவியாளரின் கை. வெட்டித் தள்ள மறந்திருக்கிறார்கள்.

அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. உள்ளிருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதனால் மூச்சு முட்டுகிறது, கழற்றுங்கள் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த சைகை அது. கைதவறி ஒளிபரப்பாகி, குழந்தைகளுக்குப் பிடித்துப்போய், கதையிலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் நிஜமாகத் தட்டியபோது எந்தக் கையும் நீளவில்லை. கடைசிப் பகுதியில் விடாமல் தட்டுகிறான், தட்டிக்கொண்டே உட்கார்கிறான், கேமரா பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு விடைபெறலை எவனும் எடுத்ததில்லை என்று ரசிகர்கள் இன்றும் அழுகிறார்கள். தொடர் அதோடு நின்றது. உள்ளே இருந்தவரின் பெயர் படத்தில் எங்கேயும் இல்லை.

சகாமாகியிடம் போய்ச் சொன்னாள். அவர் கையை நீட்டி முன்கை மயிரைக் காட்டினார். "பாருங்க, சிலிர்த்துப்போச்சு! ஆனா வெளிய மூச்சு விடாதீங்க. அந்த உக்கார்ற காட்சிய நம்ம கடைசிப் பகுதியில வெச்சிடுவோம். நீங்கதான் வரையணும்."

வரைந்தாள். முழங்கால் மடிவதை, தோள் சரிவதை, கொஞ்சமும் பூசி மெழுகாமல் கோபத்தோடு வரைந்தாள். பார்க்கிறவர்களில் ஒருத்தருக்காவது உறைக்கட்டும் என்று நினைத்தாள். அங்கேதான் சறுக்கினாள்.

அவள் தம்பி ரிட்சுவுக்கு உடைக்குள் நடிப்பதுதான் பிழைப்பு. வெளியீட்டு விழாவில், கவாசாகியில் ஒரு கடைவளாகத்தின் திறந்த முற்றத்தில், ஆகஸ்ட் வெயிலில், ஹயாகானேயாக ஆடப்போகிறவன் அவன். முந்தைய ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ தட்டினா ஒருத்தனும் வரமாட்டான்டா."

"அக்கா, நீ படம் வரையறவளா, போலீஸா?" குளிர்ந்த நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சினான். "இப்பல்லாம் உள்ள ஐஸ் பை வெச்சுத்தான் அனுப்பறாங்க."

"ஐஸ் உருகிட்டா?"

"எங்க அக்கா வந்து விசிறுவா."

"விளையாடாத. முடியலன்னா உக்காந்துடு. மேடையில ஹயாகானே உக்கார்றதே கிடையாது. நீ உக்காந்தா நான் ஓடி வந்து கழட்டிடுவேன்."

"பசங்க முன்னாடியா? அதுக்கு நான் செத்தே போயிடலாம். உள்ள ஆள் இருக்கறதக் காட்டினவன அப்புறம் எவன் கூப்பிடுவான்? இதையெல்லாம் அங்க யார்கிட்டயும் சொல்லிடாத. பயந்தாங்கொள்ளின்னு வேற ஆளப் போட்டுடுவாங்க."

"உக்காருவேன்னு சொல்லுடா."

"சரி தாயே, உக்கார்றேன்."

விழாவன்று முற்றம் கொதித்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் முன்னோட்டம் ஓடியது. விளம்பரக்காரர்கள் கடைசிப் பகுதியிலிருந்தே அள்ளிப் போட்டிருந்தார்கள். மினோரி வரைந்த ஹயாகானே தட்டினான், தட்டிக்கொண்டே உட்கார்ந்தான். முடிந்ததும் முதலிலிருந்து ஓடியது.

"எல்லாரும் சேந்து!" தொகுத்து வழங்கிய பெண் துள்ளினாள். "டக், டக்! அப்படியே உக்காருங்க!"

உட்கார்வதும் இனி சைகை ஆகாது என்று தம்பியிடம் சொல்ல மினோரி ஓடுவதற்குள் இசை முழங்கி அவன் மேடைக்கு வந்துவிட்டான். உதைத்தான், உருண்டான், எதிரியைத் தூக்கி எறிந்தான். கண்ணாடிக் கண்கள் வெளுத்தன. தட்டினான். குழந்தைகளும் தட்டினார்கள். மறுபடி தட்டினான். பிறகு முழங்கால் மடிந்தது.

குழந்தைகள் கீச்சிட்டுக்கொண்டு மொத்தமாக உட்கார்ந்தார்கள். பெற்றோர் செல்போனை உயர்த்தினார்கள். அந்த மடிப்பை எத்தனையோ தாளில் வரைந்து பார்த்தவள் மினோரி. நடிக்கிற கால் அப்படி மடியாது.

மேடை ஓரத்தில் உதவியாளன் கையை விரித்து மறித்தான். "மேடம், கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

"அவனுக்கு மூச்சு முட்டுது! கழட்டுங்க!"

"நடிப்புங்க அது."

"என் தம்பிங்க!"

"பசங்க முன்னாடி எப்படிங்க கழட்டறது?" அவன் நிஜமாகவே பதறினான். அந்தப் பதற்றத்தைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு ஏறினாள், ஜிப்பை இழுத்தாள், முகமூடியைப் பிடுங்கினாள்.

ரிட்சுவின் முகம் வெந்து சிவந்திருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை; உடம்பு வியர்ப்பதையே நிறுத்தியிருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது, பிறகு எல்லாக் குழந்தைகளும். அவன் உதடு அசைந்தது.

"அக்கா... போட்டுடு. பசங்க பாக்கறாங்க."

"ஆம்புலன்ஸ்!" என்று கத்தினாள். உதவியாளர்கள் ஓடி வந்தார்கள். முதல் காரியமாக ஒரு பெரிய துணியை விரித்து இருவரையும் மறைத்துப் பிடித்தார்கள்.

"பசங்களா, அழாதீங்க! ஹயாகானே அங்க இருக்காரு பாருங்க, திரையில!" என்று தொகுத்து வழங்கிய பெண் கூவினாள்.

அழுகை அடங்கியது. துணிக்குப் பின்னால் மினோரி மூச்சுச் சத்தத்தைத் தேடித் தம்பியின் மூக்கருகே காதை வைத்தாள். வெளியே குழந்தைகள் ஒரே குரலில், "டக், டக்!" என்றார்கள். அதைத் தவிர அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.