மிதிக்கிற கால்

தையல்காரரின் மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை வலது தொடையிடுக்கு வழியாகக் குழாய் விட்டு எடுத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு வார்டுக்கு வந்தார். இடது கையும் காலும் இன்னும் எழவில்லை. பேச்சு குழறினாலும் புரிந்தது.

"ஆறு மணி நேரம் இந்த வலது காலை மடக்கவே கூடாதும்மா," என்றாள் நர்ஸ். "குழாய் விட்ட இடம் திறந்துக்கிட்டா ரத்தம் கொட்டும். அப்புறம், தலைவலி, வாந்தி, ஆள் மந்தமானா உடனே கூப்பிடுங்க."

மனைவி தலையாட்டினாள். அவள் மனதில் நின்றது கால் மட்டும்தான்.

அது முப்பத்தெட்டு வருடம் தையல் மெஷினை மிதித்த கால். அவர் கண்ணயர்ந்ததும் பாதம் அசையும், முழங்கால் எழும்பும். அவள் இரண்டு கையாலும் அமுக்குவாள்.

"என்னங்க, இங்க மெஷின் இல்ல."

"இத்தனை வருசத்துல ஒரு நாள் என் காலைப் பிடிச்சிருப்பியா? இன்னிக்கு விடவே மாட்டேங்கிற."

"வாய் கோணியும் கொழுப்பு குறையல."

நர்ஸ் அரை மணிக்கொரு முறை வந்து பிரஷர் பார்த்தாள், கண்ணில் டார்ச் அடித்தாள், தொடையில் போட்டிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஒரு சொட்டுக் கசிவு இல்ல. நல்லாப் பாத்துக்கிறீங்கம்மா."

இரண்டு மணிக்கெல்லாம் அவளுக்கு மணிக்கட்டு விட்டுப்போயிற்று. "கொஞ்சம் சும்மா கிடங்களேன். என்னால முடியல."

மூன்று மணிக்கு நர்ஸ் பார்த்துவிட்டுப் போன சற்று நேரத்தில் கால் அடங்கியது. அவள் மெல்லக் கையை எடுத்தாள். முழங்கால் எழும்பவில்லை.

"இப்பத்தான் என் பேச்சைக் கேக்குறீங்க," என்றாள்.

விழித்துவிடப் போகிறார் என்று நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ சத்தமாகப் பேசியபோது, "மெதுவாங்க, தூங்குறார்," என்றாள்.

மூன்றரைக்கு நர்ஸ் வந்தாள். டார்ச் அடித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், தோளை உலுக்கினாள். பிறகு ஓடினாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்து பரவியிருந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

"எப்பலேர்ந்து மந்தமா இருந்தார்?"

"மந்தமால்லாம் இல்லங்க டாக்டர். சும்மா கிடங்கன்னு சொன்னேன், கிடந்தார். இருபது நிமிசம் இருக்கும்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"அப்பவே கூப்பிட்டிருந்தா?"

"சொல்ல முடியாதும்மா."

கட்டிலுக்குத் திரும்பினாள். போர்வையை விலக்கி, அவர் வலது உள்ளங்காலின் கீழ் தன் கையை வைத்தாள்.

"மிதிங்க," என்றாள்.