திருத்திய கண்கள்

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "உங்க கண்ணையும் பார்த்துடலாம், உட்காருங்க" என்றார். கண்ணைக் கசக்கியபடி மடியில் சுருண்டிருந்த நாலு வயது மகளை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவன் கருவியில் தாடையைப் பொருத்தினான். வந்தது பிள்ளையைக் காட்ட. தனக்கென்ன கேடு என்றுதான் நினைத்தான். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளும்போதெல்லாம், "கதவோட என்ன சண்டை உங்களுக்கு?" என்று மனைவி கேலி செய்வாள். அவனும் சிரித்துவைப்பான்.

டாக்டர் சிரிக்கவில்லை. கருவிழிக்கு நடுவே வட்டமாக இருக்கவேண்டிய கண்மணி, அவனுக்கும் மகளுக்கும் மூக்குப் பக்கமாக இழுபட்டிருக்கிறது என்றார். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற வழி பிறவியிலேயே சரியாக அமையவில்லை. தேங்கிய நீர் அழுத்தி அழுத்தி நரம்பை அரித்துவிட்டது. அவனுக்கு ஓரப்பார்வை குறைந்துவிட்டது. மகளின் இடது கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"மரபணுவுல வர்ற கோளாறு இது. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. ஒரு வயசுல கொண்டுவந்திருந்தா அந்தக் கண்ணையும் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். சரி, உங்ககூடப் பிறந்தவங்க யாராவது உண்டா?"

ஒரு வயசு என்ற சொல்லிலேயே அவன் நின்றுவிட்டான். மனைவிதான் பதில் சொன்னாள்: ஒரு தங்கை இருக்கிறாள், இப்போது ஏழு மாதக் கர்ப்பம்.

அவன் ஸ்டூடியோவில் படங்களுக்கு டச்சிங் செய்பவன். பருவும் தழும்பும் அவன் கைபட்டால் போன இடம் தெரியாது. 'கிழவியைக் குமரியாக்கித் தர்றவன்' என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார். கண்ணைத் திரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கி வேலை பார்ப்பவனுக்கு, தன் வீட்டார் கண்மணி கோணல் என்பது எப்போதோ தெரியும். மச்சம் மாதிரி அதுவும் ஒன்று என்று நினைத்தான். கோணலை நேராக்குவதுதானே வேலை? அப்பா படத்தில் நேராக்கினான். தன் படத்தில் நேராக்கினான். மகளுக்கு ஒரு வயது நிறைந்தபோது எடுத்த படத்திலும், அந்த இடது கண்ணை ஆசை ஆசையாக வட்டமாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தான்.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனான். மகளின் கண்ணைப் பற்றிச் சொன்னதும் அவள் அழுதாள். அவளையும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னதும் அழுகை நின்றது.

"எனக்கு எதுக்கு? நம்ம வீட்ல யாருக்கு இருந்துச்சு? அப்பா கண்ணு வெல்டிங் நெருப்புல போச்சு. ஊருக்கே தெரியும்."

"நெருப்பு இல்லம்மா."

அவள் வயிற்றைத் தாங்கியபடி எழுந்து, சுவரிலிருந்த குடும்பப் படத்தைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள். "பாரு. நீ செஞ்சு குடுத்த படம்தான். யார் கண்ணு கோணலா இருக்கு, சொல்லு?"

படத்தில் அப்பா பார்த்தார், அவன் பார்த்தான், தங்கை பார்த்தாள். மூன்று பேருக்கும் காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற கண்மணிகள்.

"அதெல்லாம் நான் போட்டதும்மா" என்றான். "உன்னோடதையும்தான்."

அவள் படத்தை அவன் மடியிலிருந்து எடுத்து, மாட்டாமல், முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்துவைத்தாள். "எல்லாத்தையும் பூசி மெழுகிட்டு இப்ப வந்து சொல்றியா? போ அண்ணா" என்றாள். அவன் போனான். வாசலில் கதவு நிலை வழக்கம்போல் தோளில் இடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, ஸ்டூடியோ திறந்த கையோடு அவளே வந்து நின்றாள். முதலாளி இன்னும் வந்திருக்கவில்லை. நேராக உள்ளே போய், பின்திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"எடு. எதையும் தொடாம எடுத்ததை எனக்குக் காட்டு."

விளக்கை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினான். மகளைப் போலவே அவளும் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். பொறுத்திருந்து, இமை விரிந்த கணத்தில் எடுத்தான். திரையில் போட்டு, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கினான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பிடித்திருந்த கை இறுகுவது தெரிந்தது. இன்னொரு கை எங்கே இருக்கும் என்பது பார்க்காமலே தெரிந்தது.

ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டாள். சொன்னான். கூட வருகிறேன் என்றான். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"இதைச் சரிபண்ணிடலாம்ல, அண்ணா?"

கேட்டது படத்தையா, கண்ணையா, வயிற்றிலிருப்பதையா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் பழக்கதோஷத்தில் மவுசின் மேல் போய் உட்கார்ந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். திரை முழுக்கத் தங்கையின் கண். அதன் நடுவே, மூக்குப் பக்கமாகச் சாய்ந்து, விழப்போய் விழாமல் நிற்கிற ஒரு கருப்புத் துளி.