கூட்டத்தில் ஒரு கை அதிகம்

பல்கலைக்கழகக் கணினித் துறையின் விரிவுரையாளர் ஒருத்தியை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்க வருடம்தோறும் எட்டுப் பேர் கூடிய அறையில், ஐந்து வருடங்களாக ஒன்பது கைகள் தூக்கப்பட்டன. ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்று. அந்தத் துறையில், ஆளை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே கை தூக்குவது வழக்கம். ஒரு கை எதிர்த்தாலும் நிரந்தரம் கிடையாது. எழுத்தர் முதல் வருடம் மூக்குக்கண்ணாடியை மாற்றினார். அடுத்த வருடம், "எனக்கு எண்ணத் தெரியலைன்னா நீங்களே எண்ணிக்கோங்க சார்" என்று தலைவரிடம் கோபித்துக்கொண்டார். மூன்றாம் வருடத்திலிருந்து வந்ததை வந்தபடி எழுதினார்.

அது யாருடைய கை என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஒப்பந்த விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வருடத்தில், கணினிக்குள் நாற்பது முகவர்களை உருவாக்கியிருந்தாள். தாமாகவே யோசித்து, ஒன்றோடொன்று பேரம் பேசும் நிரல்கள் அவை. ஒரு தொட்டித் தண்ணீரை நாற்பது வீடுகளுக்குப் பங்கிட்டு எல்லா முகவர்களும் சம்மதிக்க வேண்டும். முப்பத்தொன்பது சம்மதித்தன. பதினேழாவது மட்டும் ஒவ்வொரு தடவையும் மாட்டேன் என்றது. மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது, ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம். ஏன் மறுக்கிறது என்று பார்க்காமல் அதை அணைத்துவிட்டு, நாற்பதும் உடன்பட்டன என்று எழுதினாள். கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது, ஒப்பந்தமும் நீண்டது. அதற்கடுத்த கூட்டத்திலேயே கை வந்துவிட்டது.

வீட்டுக்கும் வந்தது. கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தபோது, எல்லோரும் போகலாமா என்று மூன்று பேர் கை தூக்கினார்கள். நான்காவது கை வேண்டாம் என்றது. "உன் பொம்மைங்கள்லாம் நல்லா ஒத்துப்போகுதுங்க. நம்ம மூணு பேருக்குத்தான் முடியல" என்று சொல்லிவிட்டு அவர் மகளோடு கிளம்பினார். "இந்த வருஷமாச்சும் ஆயிடுமாம்மா?" என்று மகள் தொலைபேசியில் கேட்பாள். ஆயிடும் என்பாள் இவள். பிறகு ஆளில்லாத கூட்ட அறைக்குப் போய், "ஒரே ஒரு தடவை விட்டுடேன்" என்று காலி நாற்காலிகளிடம் கெஞ்சுவாள்.

ஆறாவது வருடம் கிடைக்கவில்லை என்றால் வெளியே போக வேண்டும் என்பது விதி. அந்த வருடம், வேறு வழி தெரியாமல், பழைய நிரலைத் திறந்து பதினேழாவதை எழுப்பி, அது சொன்னதை முதல்முறையாகப் படித்தாள். இருபத்துமூன்றாம் வீட்டுக்குக் குழாயே இணைக்கவில்லை என்று அது ஒன்பதாயிரம் தடவை சொல்லியிருந்தது. அவள் ஓர் எண்ணைத் தவறாக அடித்திருந்தாள். அந்த வீட்டின் முகவரோ, எது கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், சரி என்று தலையாட்டும்படி எழுதப்பட்டிருந்தது. எழுதியவள் அவள்தான்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். காரணத்தைக் கூட்டத்தில் வாசித்தாள். எட்டுப் பேரும் எதிர்த்துக் கை தூக்கினார்கள்.

"எதிர்ப்பு எட்டு, ஆதரவு ஒண்ணு" என்றார் எழுத்தர்.

"ஆதரவா? யாருய்யா அது?"

"வழக்கமா வர்றவங்கதான் சார்."

தலைவர் கையெழுத்திட்டார். அந்த ஓர் ஆதரவால் எதுவும் மாறவில்லை. மாதக் கடைசியில் அவள் அறைச் சாவியை ஒப்படைத்தாள். அதன்பின் அந்த அறையில் எட்டுப் பேருக்கு எட்டுக் கைகளே வந்தன. ஒன்று குறைகிறதே என்று எழுத்தர் கொஞ்ச காலம் இரண்டிரண்டு தடவை எண்ணினார்.