பக்கவாட்டு வெளிச்சம்

கல்யாணப் பத்திரிகையை நீட்டிய கையோடு, "அப்டியே இந்த நியூட்டுங்களயும் படம் எடுத்துக் குட்துடு செல்வி. பெங்களூரு பார்ட்டி படத்தப் பாத்துட்டுதான் வாங்குவானாம்" என்றான் பாஸ்கர்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவனுடைய வண்ணமீன் கடை. நான்கு வருடமாக அந்தக் கடைக்குப் படம் எடுத்தவள் தமிழ்ச்செல்வி. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கமும் அவள் கையில்தான். அவளைத்தான் கட்டிக்கொள்வதாக அந்த நான்கு வருடமும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். பத்திரிகையில் ஏனாத்தூர்ப் பெண் ஒருத்தியின் பெயர் இருந்தது.

"எடுக்கறேன்" என்றாள்.

நியூட் குளிர்ப்பிரதேசத்துப் பிராணி. கரிய பல்லிக்கு மீன் வால் வைத்த மாதிரி இருக்கும். வயிறு மட்டும் செக்கச்செவேல். இந்த ஊர் வெயில் அதற்கு ஆகாது என்று செல்வி தினமும் உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்க விடுவாள். அவனுடைய நிச்சயதார்த்தச் செய்தி கேட்டதிலிருந்து அவள் கடைக்கு வரவில்லை; இன்று அவன் கூப்பிட்டுத்தான் வந்திருந்தாள். அந்த வேலையை அவனும் செய்யவில்லை.

தொட்டி இருந்த உள்ளறையின் விளக்கை அணைத்தாள். கண்ணாடியில் தன் உருவம் விழாமலிருக்க லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டிக் கண்ணாடியோடு ஒட்டினாள். வழக்கமாக ஃபிளாஷைத் தொட்டிக்கு மேலே பிடித்து, பட்டர் பேப்பர் வழியாக வெளிச்சத்தை இறக்குவாள்; தோல் வழுவழுவென்று பட்டுப்போல் வரும். இன்று பேப்பரை எடுக்கவில்லை. ஃபிளாஷைப் பக்கவாட்டில், தரைமட்டத்துக்குத் தாழ்த்தி வைத்தாள்.

நியூட்களின் உடம்பில் ஒவ்வொரு புண்ணும் தன் நிழலோடு எழுந்து நின்றது. முதுகில் பஞ்சுபோலப் பூஞ்சை. அழுகிய விரல்கள். ஊதிய வயிறு. ஒன்று மூச்சுக்காக மேலே வர முயன்று, பாதியிலேயே சரிந்து இறங்கியது.  அதையும் எடுத்தாள். வாசலில் பாஸ்கர் கல்யாணப் பெண்ணோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தான். செல்வி படங்களை அங்கிருந்தே கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏற்றினாள். கீழே ஒரே வரி: இன்று காலை, பாஸ்கர் கடையில்.

சற்று நேரத்தில் அவன் உள்ளே ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா பண்ணிக்கீற நீ? ஆர்டர் கேன்சலாம். ஆளாளுக்குப் போன் பண்ணி காறித் துப்பறானுங்க. அய்ச்சிடு அத்த!"

"இன்னா கீதோ அத்தத்தான் எட்த்தேன்."

"என் பொயப்பே போச்சு செல்வி."

"எனக்குப் போனது?"

 அவள் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தாள்; என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாள். அவனோ, "பொண்ணு வூட்டுக்காரங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க?" என்றான்.

"எதிர் ஜூஸ் கடையில ஐஸ் கீது. வாங்கினு வந்து தண்ணியில வுடு மொதல்ல" என்றாள்.

அவன் ஐஸ் வாங்கப் போகவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம், இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றி நின்றான். செல்வி மறுபடி கேமராவை எடுத்தாள். ஒரு நியூட் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அவன் முகம் கலங்கலாய்த் தெரிந்தது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாள். நியூட் மங்கியது. தண்ணீருக்கு அப்பால் அவன் கண்கள், மூக்கு, வியர்த்த மேலுதடு, ஒவ்வொன்றாகக் கூர்மையாகிக்கொண்டு வந்தன.