ராய்ஸ் தூக்காத கால்

கணவனுக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வான்கோழி சமைக்க வேண்டும். போன டிசம்பரில் நான் சமைத்தேன். மதியம் எங்கள் வீட்டில் ஒன்று, சாயங்காலம் ராய்ஸ் அண்ணன் வீட்டில் ஒன்று. இரண்டு இடத்திலும் அவரவர் உம்மென்று உட்கார்ந்து தின்றார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒருத்தன் வாயிலும் வரவில்லை.

சண்டை சொத்துக்காகவா? அப்படியிருந்தால்கூட மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாம். போன ஜூலையில், நாங்கள் வருடாவருடம் போகும் ப்ளூகிராஸ் நாட்டுப்புற இசை விழா மேடையில், என் கணவன் டெல்மர் வழக்கம்போல் பாஞ்சோவைத் தலைதெறிக்க வாசித்தான். பிடில் வாசித்த ராய்ஸ் மைக்கில், "எங்க மாப்பிள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு போல" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டெல்மர் பாதிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கிப் போனான். இருபது வருடம் சேர்ந்து வாசித்தவர்கள்! இரண்டு மண்டையையும் பிடித்து மோதவிட்டிருப்பேன். என்னைவிட உயரமான பாஸ் வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதால் தப்பித்தார்கள்.

இந்த வருடமும் வந்தோம். இரண்டு நாளும் டெல்மர் மைதானத்தின் இந்தக் கோடியில், ராய்ஸ் அந்தக் கோடியில். கடைசி நாள் மதியம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், ராய்ஸ் மரத்தடியில் சேர்ந்து வாசிக்க வட்டம் கூட்டினான். கிதாரோடு தபால்காரர் ஓடல் வந்தார். டென்னசியிலிருந்து வந்திருந்த ஹாலி என்ற பெண் மாண்டலினோடு வந்தாள். பாஸுக்கு நான்.

வட்டத்தில் பாட்டை ஆரம்பித்தவர் வைத்ததுதான் சட்டம். அவர் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அவர் ஒரு சுற்று தனியாக வாசிக்க வேண்டும். அவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டினால் அந்தச் சுற்றோடு பாட்டு முடியும். தூக்காதவரை யாரும் நிறுத்தக்கூடாது. அன்றைக்கு ஆரம்பித்தவன் ராய்ஸ்.

இரண்டாம் சுற்றில் டெல்மர் வந்து என் பக்கத்தில் நின்றான். கையில் பாஞ்சோ பெட்டி.

"வெர்னா, வண்டிச் சாவியக் குடு. கூடாரத்த மடிச்சாச்சு, கிளம்பலாம்."

"சாவி என் பையில இருக்கு. ரெண்டு கையும் பாஸ்ல இருக்கே, பாத்தா தெரியல? பாட்டு முடியட்டும்."

"முடிஞ்ச நிமிஷம் கிளம்புறோம்."

இது ராய்ஸ் காதில் விழுந்தது. பிடில் வில் ஒரு கணம் தடுமாறியது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஹாலியைப் பார்த்துத் தலையசைத்தான்.

மூன்றாம் சுற்று போனது. ஐந்தும் போனது. ஓடலின் முகம் தக்காளியாய்ச் சிவந்தது. ஹாலி கைவசம் இருந்ததையெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டு, வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கால் மரத்துப் போச்சா?" என்றேன். அவன் ஓடலைப் பார்த்துத் தலையசைத்தான். ஏழாவது சுற்றில் என் விரலில் கொப்புளம் உடைந்தது.

அப்போதுதான் ராய்ஸ் டெல்மரைப் பார்த்துத் தலையசைத்தான்.

டெல்மர் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். அங்கே எலுமிச்சை ஜூஸ் வண்டிதான் நின்றது.

"உன்னத்தான்யா! ஜூஸ் வண்டியா வந்து பாஞ்சோ வாசிக்கும்?" என்று ஓடல் கத்தினார்.

தலையசைத்து அழைத்த பிறகு வாசிக்காமல் போனவன் அப்புறம் எந்த வட்டத்திலும் முகம் காட்ட முடியாது. டெல்மர் பெட்டியைத் திறந்தான். நரம்பை மீட்டும் உறைகளை விரல்களில் மாட்டி முடிக்க ஒரு முழுச் சுற்று ஆனது. எல்லோரும் காத்துக்கொண்டு தாளம் மட்டும் போட்டோம்.

பிறகு வாசித்தான். இருபத்திரண்டு வருடம் அவனோடு குடும்பம் நடத்துகிறேன், அவன் எதையும் மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டைக்கூட விழுங்கத்தான் செய்வான். அன்றைக்கு ராய்ஸின் வேகத்துக்கு, ஒரு இம்மிகூட முந்தாமல் வாசித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கைதான் இல்லை.

முடித்ததும் அவன் ராய்ஸின் கால்களைப் பார்த்தான். இரண்டும் தரையில் இருந்தன.

"காலத் தூக்குய்யா மச்சான். எம் பொண்டாட்டி விரல்ல ரத்தம் வருது."

ஒரு வருடத்தில் முதல் பேச்சு.

"தூக்கினா நீ சாவிய வாங்கிட்டுக் கிளம்பிடுவ" என்றான் ராய்ஸ். வில் நிற்கவில்லை.

கிதார் ஒரு சுற்று போய் வந்தது.

"எனக்கு எந்த பஸ்ஸுக்கும் நேரமாகல" என்றான் டெல்மர்.

ராய்ஸ் காலைத் தூக்கினான். பாட்டு நின்றது. ஹாலி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சாவியை எடுத்து நீட்டினேன். வாங்கத்தான் ஆள் இல்லை. அடுத்த பாட்டு எந்த வேகத்தில் என்று இரண்டு பேருக்கும் அதற்குள் சண்டை ஆரம்பித்திருந்தது. விரலில் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு பாஸை நிமிர்த்தினேன். இந்த வருடம் ஒரே வான்கோழிதான். கொஞ்சம் பெரியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.