கறை போன கண்ணாடி

மருதாசலத்தின் வீட்டுக்குள் ஒரு பீரங்கி இருந்தது. திருப்பூர் நெருப்பெரிச்சல் லைன் வீட்டுக்காரர்கள் அதற்கு வைத்த பேர் அது. சாயப்பட்டறையில் வேண்டாமென்று தள்ளிய பருத்த பிவிசி குழாய்க்கு உள்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடித்து, உடைந்த நிட்டிங் மெஷினின் இரும்புக் காலில் ஏற்றி, மேலும் கீழும் திருப்புகிற மாதிரி நிறுத்தியிருந்தான். வீடோ ஒற்றை அறை. அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே அது நந்தி மாதிரி குறுக்கே நின்றது. அதில் தலையை இடித்துக்கொள்ளாமல் மயிலாளுக்கு ஒரு பொழுது போகாது. "யாரச் சுடறதுக்கு வெச்சிருக்கறான் உன்ற ஊட்டுக்காரன்?" என்று பக்கத்து வீட்டு மாரக்காள் கேட்காமலும் போகாது.

பீரங்கி சுடாது, பார்க்கும்; வானத்தைப் பார்க்கிற தொலைநோக்கி அது. ஆனால் அதற்கு இன்னும் கண் வரவில்லை. குழாயின் அடியில் வைக்க ஒரு கண்ணாடி வேண்டும். முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல, சோற்றுத் தட்டு அகலத்தில், லேசாகக் குழிவாகத் தேய்த்தது. அதைக் கையாலேயே தேய்த்துக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். அவன் வேலை பார்க்கிற பனியன் கம்பெனிக்கு மெஷின் பூட்ட அங்கிருந்து வந்த மேஸ்திரி சொல்லித்தான் மருதாசலத்துக்குத் தெரிந்தது. பணம் அனுப்பினான். கண்ணாடி வரவில்லை. ஒருதரம் தேய்க்கும்போது கீறிவிட்டதாம், புதிதாக ஆரம்பித்திருக்கிறாராம். அப்புறம் பெரியவருக்கு உடம்புக்கு முடியவில்லையாம். இப்படியே ஒரு தீபாவளி போனது, இரண்டாவது தீபாவளியும் போனது.

வேறொருத்தனாக இருந்தால் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். மருதாசலத்தால் முடியாது. அவன் வாக்குக் கொடுத்திருந்தான், அதுவும் தன் மகளுக்கு.

வாக்குக் கொடுத்தபோது வசந்தமணிக்கு நாலு வயது. கரண்ட் போன பொழுதுகளில் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அப்பனும் ஆத்தாளும் இரண்டு பக்கமும் படுக்க, நடுவில் அவள் படுத்திருப்பாள். ஒரு நாள் அப்பன் சொன்னான், எண்பத்தாறாம் வருஷம் ஒரு வால்நட்சத்திரம் வரும், நீ இஸ்கூலுக்குப் போகிறபோது வரும், விட்டால் அப்புறம் எழுபத்தாறு வருஷம் ஆகும் என்று. அவள் கேட்டாள்: "வாலு இருந்தா ஆட்டுமாப்பா?" மருதாசலத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணாடி வாங்கிப் பக்கத்தில் காட்டுகிறேன், நீயே பார்த்துச் சொல் என்றான். அன்றைக்கு அந்த மனுஷன் எத்தனை பேசுவான்! வாய் ஓயாது. மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசுகிற வாய்.

எண்பத்து மூன்றில் ஒரு நாள் காலையில் வசந்தமணிக்குக் காய்ச்சலில் மேல் சுட்டது. மயிலாள் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, மாரக்காளிடம் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். கப்பலுக்குப் போகிற சரக்கு, ராத்திரியும் ஓவர்டைம். செக்கிங் டேபிளில் வெள்ளை பனியன்களை விரித்து விரித்து ஓட்டையும் கறையும் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டில் பிள்ளைக்கு இழுப்பு வந்திருந்தது. அவள் ஓடி வந்து, மருதாசலம் கார் பிடித்து, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த வார்த்தையை மயிலாள் இன்னமும் விழுங்கவில்லை, துப்பவும் இல்லை.

காரியம் முடிந்த அன்றைக்கு அவள் மருதாசலத்தின் காலடியில் போய் உட்கார்ந்தாள். அவன் சொன்னான்: "உடு மயிலா. பரவால்ல."

அவ்வளவுதான். அதோடு அந்த வாய் மூடிக்கொண்டது. சோறு போடு, சாவி எங்கே, நாளைக்கு நைட் ஷிப்ட். இதற்குமேல் பேச்சு கிடையாது. அடித்தான் என்றால் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளலாம், குடித்தான் என்றால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். பேசாமல் இருக்கிறவனை என்ன செய்வது? கண்ணாடியைப் பற்றியும் அவளிடம் அவன் ஒன்றும் சொன்னதில்லை. பிள்ளைக்குச் சொன்ன சொல்லுக்காகத்தான் இதெல்லாம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். பக்கத்திலேயே படுத்துக் கேட்டவள்தானே! அந்தக் கண்ணாடி வந்தால் இந்த மனுஷன் பழையபடி வாயைத் திறப்பான் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அதனால் அவளும் காத்திருந்தாள், அவனைவிட அதிகமாகவே.

எண்பத்தாறும் வந்தது. வால்நட்சத்திரம் வந்துவிட்டதென்று ரேடியோ சொன்னது, டீக்கடை சொன்னது. கண்ணாடி மட்டும் வரவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் அது மங்கிப்போகும் என்று பாரூக்கிடம் மருதாசலம் சொன்னானாம். லாரி ஆபீசிலிருந்து கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிற பாரூக்கிடம்தான் அவன் கொஞ்சமாவது பேசுவது.

சித்திரை முதல் தேதிக்கு முந்தின நாள் மத்தியானம் பாரூக்கின் மாட்டுவண்டி வாசலில் நின்றது. கம்பெனிக்குப் பாதி நாள் லீவு, மயிலாள் வீட்டில் இருந்தாள்.

"அக்கா, கல்கத்தாச் சரக்கு வந்துருச்சுங்க. கண்ணாடி, பாத்து எறக்கோணும்," என்றான் பாரூக். பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி தாங்கிக் கொண்டுவந்து பாய்மேல் வைத்தான். அவன் முகமே மலர்ந்திருந்தது.

மயிலாளுக்கு அந்த நிமிஷமே ஒரு யோசனை ஓடியது. நாளைக்குச் சித்திரைக் கனி. தட்டில் கனிகளும் வெற்றிலையும் நகைநட்டும் வைத்து, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாத்தி, விடிந்ததும் அதில்தான் கண்விழிப்பது. பிள்ளை போன பிறகு அந்த வீட்டில் கனி வைக்கவில்லை. இந்த வருஷம் வைப்போம், கல்கத்தாக் கண்ணாடியையே சாத்துவோம், மனுஷன் கண்ணைத் திறந்ததும் அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் பிரித்தாள்.

வைக்கோல் ஈரமாக இருந்தது. எங்கேயோ மழையில் நனைந்திருக்கிறது. உள்ளே கண்ணாடி பளபளவென்று, குளத்துத் தண்ணீரை அள்ளி வைத்த மாதிரி கிடந்தது. அதன் நடுவில், டீ சிந்தினது போல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. பக்கத்தில் யாருடையதோ பெருவிரல் பதிந்த தடம்.

ஐயோ என்று ஆகிவிட்டது அவளுக்கு. இத்தனை நாள் காத்திருந்து கறை பிடித்த சரக்கா? கனித் தட்டில் கறையை வைத்தால் வருஷம் உருப்படுமா? அவள் வேலையே கறை பார்ப்பதுதான். டேபிளுக்கு வந்த பீஸில் கறை கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது. எடுக்க முடிந்தால் எடுக்க வேண்டும், முடியாவிட்டால் ரிஜெக்ட். இதைப் போய் ரிஜெக்ட்டில் போட முடியுமா?

திருப்பூர்க்காரிக்குத் துடைக்கத் துணிக்கா பஞ்சம்? பூ மாதிரி மெத்தென்ற, வெளுத்த புது பனியன் துண்டை எடுத்தாள். பிள்ளைக்கு முகம் துடைக்கிற பதத்தில்தான் துடைத்தாள். விரல் தடம் போனது. கறை போகவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். சன்னமாகக் கோடு விழுந்த மாதிரி தெரிந்தது. அழுத்தித் தேய்த்தால் துணி நைந்துவிடும், ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது கம்பெனியில் அவளே புதுப் பெண்களுக்குச் சொல்கிற பாடம். பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் ஊற்றி, இரண்டு கை வாஷிங் சோடா போட்டுக் கரைத்து, கண்ணாடியை மெல்ல அமிழ்த்தினாள். ஊறட்டும் என்று விட்டுவிட்டு, கனிக்கு மாம்பழமும் வாழைப்பழமும் வாங்கக் கடைக்குப் போனாள். பல நாளைக்கு அப்புறம் அவள் வாய்க்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது கறை சுத்தமாகப் போயிருந்தது.

பளபளப்பும் போயிருந்தது. கண்ணாடிக்குள் பேசினின் பச்சை அடி தெரிந்தது. எடுத்துத் துடைத்தாள். அவள் கை தெரிந்தது, கைக்குப் பின்னால் சேலைக் கரை தெரிந்தது, சேலைக்குப் பின்னால் பீரங்கி தெரிந்தது. முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பூச்சு முதுகில் இருக்கும், இதற்கு முகத்திலேயே இருக்கும் என்பதை யார் அவளுக்குச் சொன்னார்கள்? வெந்நீரில் மிதந்த சாம்பல் போன்ற தூளை விரலால் அள்ளி அள்ளிப் பார்த்தாள். திரும்ப ஒட்டுமா அது? பாவி மகள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்கிறபோது வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. நாளைக் காலையில் காட்டலாம் என்று அவள் நினைத்திருந்தாளே தவிர, பாரூக் வாயை யார் கட்டுவது? டீக்கடையிலேயே சொல்லிவிட்டான். மருதாசலம் சைக்கிளை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, அப்படியே சாத்திவிட்டு உள்ளே வந்தான். சிரித்துக்கொண்டு வந்தான். மூன்று வருஷத்தில் அந்த முகத்தில் சிரிப்பை அப்போதுதான் பார்த்தாள்.

"வந்துருச்சாமே மயிலா. எங்க?" என்றான்.

அவள் கட்டிலைக் காட்டினாள். பனியன் துணியால் மூடி வைத்திருந்தாள். அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, துணியை விலக்கி, ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கினான். தூக்கியவனுக்கு அதன் வழியாக அவள் முகம் தெரிந்தது.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கறை இருந்தது, கனிக்கு வைக்கலாமென்று சோடாவில் ஊறப்போட்டேன் என்றாள். அவன் கண்ணாடியை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தான். இனிமேல் இது நிலாவைக்கூட மங்கலாகத்தான் காட்டும். கல்கத்தாவுக்கே திருப்பி அனுப்பினால் பூச்சு போட்டுத் தருவார்கள்தான், அது வருவதற்குள் வால்நட்சத்திரம் வந்த வழியே போய்விடும். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முகம் பழையபடி ஆனது. கண்ணாடியைத் துணிமேல் வைத்தான்.

"உடு மயிலா. பரவால்ல."

அதே வார்த்தை, அதே குரல். மயிலாளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"அன்னிக்கும் இதையேதானுங்க சொன்னீங்க," என்றாள். "பரவால்லைன்னு எப்படிங்க சொல்றீங்க? திட்டுங்க. நாலு அறை வேணும்னாலும் அறைங்க. புள்ளய உட்டுப்போட்டு ஓவர்டைம் போனவ நீதான்னு ஒருக்கா வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க. நீங்க நெனைக்கறது எனக்குத் தெரியாதுங்களா?"

அவன் கண்ணாடிமேல் துணியை இழுத்து மூடினான். பிறகு குனிந்தபடியே சொன்னான்:

"நெனச்சேன். தெனமும் நெனச்சேன், மயிலா. சொன்னா நீ தாங்கமாட்டீன்னு வாயக் கட்டிக்கிட்டேன். கட்டிக் கட்டி, இந்தக் கண்ணாடியத் தொடக்கூடாதுன்னு சொல்றதுக்குக்கூட வாய் இல்லாம போயிருச்சு."

சொல்லிவிட்டு அழுதான். பிள்ளையைக் குழியில் இறக்கும்போது அழாதவன், மாரக்காள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். மயிலாள் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தினமும் நினைத்தேன் என்றானே, அது நெஞ்சில் கத்தியாகத்தான் இறங்கியது. ஆனாலும் அந்தப் பரவால்லையைவிட இது மேல் என்றுதான் அவளுக்குப் பட்டது. யாரோடு வாழ்கிறோம் என்றாவது தெரிந்துவிட்டதே.

சாப்பிட்ட பேருக்குச் சாப்பிட்டு முடித்தபோது கரண்ட் போனது. நெருப்பெரிச்சல் முழுக்க இருட்டு. மெஷின்கள் எல்லாம் ஒருசேர நின்றுபோயின. மருதாசலம் எழுந்து கயிற்றுக் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டான். ரொம்ப நாளைக்கு அப்புறம் இருவரும் அதில் சாய்ந்தார்கள், அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். நடுவில் ஒரு பிள்ளை படுக்கிற அகலத்துக்கு இடம் விட்டுத்தான் படுத்தார்கள். யாரும் யோசித்துச் செய்ததல்ல, உடம்பு பழகியிருந்தது.

மயிலாள் மேலே பார்த்தாள். வானம் அவளுக்குக் கறுப்பு பனியன் துணியாகத்தான் விரிந்தது. கண் தானாக ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனது. தென்கிழக்கே, பனைமரத்துக்கு மேலே போய் நின்றது.

"ஏனுங்க, அங்க ஒரு கறை இருக்குதுங்க," என்றாள்.

அவன் அவள் விரல் போன திசையில் பார்த்தான். நட்சத்திரம் மாதிரி கூராக இல்லாமல், தண்ணீர்ச் சொட்டு விழுந்து காய்ந்த தடம் போல மங்கலாக ஒன்று. அவன் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

"அதுதான்," என்றான்.

கண்ணாடி இருந்திருந்தால் அதன் உள்ளே என்னவெல்லாம் இருக்கிறதென்று தெரிந்திருக்கும். இப்போது இவ்வளவுதான். வால் எங்கே என்று மயிலாள் கேட்டாள். வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றான். இன்னும் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி, தங்களுக்கு நடுவில் இருந்த அந்த வெற்றுக் கயிற்றுப் பின்னலைப் பார்த்து, பேசுகிற சத்தத்திலேயே சொன்னான்:

"ஆட்டலீயே, கண்ணு. வாலு ஆட்டலீயே."

மயிலாள் அந்த இடத்தில் கையை நீட்டி வைத்தாள். அவனும் வைத்தான். கரண்ட் வருகிறவரைக்கும் அப்படியே கிடந்தார்கள்.